பிஸ்கட் டப்பா ஊரில் ஒரு பூசணிக்காய்

சாணி நாற்றத்திலிருந்து தப்பிக்கத்தான் தனபாக்கியம் டிகிரி படித்த மாப்பிள்ளையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். அந்த மாப்பிள்ளையோ அவளை அமெரிக்கா வரைக்கும் கூட்டிவந்து, முப்பது வருஷத்துக்குக் கடனைப் போட்டு, சாணி நாற்றம் அடிக்கிற ஊராகப் பார்த்து வீட்டை வாங்கி வைத்தார்.

ஊரின் பெயர் ஆஷ்வெல். நியூ ஜெர்சியின் மேற்குக் கோடியில், மேப்பில் விரலை வைத்தால் விரலுக்கடியில் காணாமல் போய்விடும். வெள்ளைச் சர்ச் ஒன்று, போஸ்டாபீஸ் ஒன்று, கல்லில் கட்டிய குட்டிப் பாலம் ஒன்று. வேலிக்குள் குதிரைகள், அப்புறம் சோளக்காடு, அப்புறமும் சோளக்காடு. மனுசர்களைத்தான் காணமுடியாது. எப்பவாவது ஒரு பிக்கப் வண்டி போகும். ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்குவான். அதுதான் அந்த ஊரில் விசாரிப்பு.

மாப்பிள்ளை கோபாலசாமி இந்த ஊரில் விழுந்ததற்கு ஒரு பிஸ்கட் டப்பா காரணம். அந்தியூரில் அவருடைய அப்பா ரைஸ்மில்லில் மூட்டை தூக்கியவர். மில் முதலாளி வீட்டில் காலியான தகர டப்பா ஒன்று அவர்கள் வீட்டுக்கு வந்தது. மூடியில் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றின் படம். கல் பாலம், வெள்ளைச் சர்ச், புல்லில் நிற்கிற குதிரை. டப்பாவுக்குள் வரமிளகாய்தான் கிடந்தது, பிஸ்கட் வாசம்கூட மிச்சமில்லை. பசித்த வயிற்றோடு அந்த மூடியையே பார்த்துப் பார்த்து வளர்ந்த ஆள், நாற்பது வயதில் வீட்டு புரோக்கரம்மாவின் காரில் ஆஷ்வெல் பாலத்தைத் தாண்டினார். அவ்வளவுதான். செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

படத்தில் வாசம் வராது. ஆஷ்வெல்லில் வந்தது. பக்கத்துக் காட்டுக்கு எரு அடித்த முதல் நாள் ஜன்னலைத் திறந்த தனபாக்கியம் அதைப் படாரென்று சாத்தினாள். பதினான்கு வயதில் மஞ்சள் காட்டுக்கு எருக்கூடை சுமந்தவள் அவள். கூடையிலிருந்து பிடரி வழியாக ஒழுகி முதுகில் இறங்குகிற தண்ணீரின் நாற்றம், எத்தனை சோப்புப் போட்டாலும் கல்யாணம்வரை போகவில்லை.

"ஏனுங்க, இதுக்கு அந்தியூர்லயே இருந்திருக்கலாமுங்களே. கடனாச்சும் இருந்திருக்காது."

"ஃப்ரெஷ் ஏர் புள்ள. ஊர் எவ்வளவு அமைதியா இருக்குது பாரு."

"ஆமா, நெருப்பு வெச்சுட்டு வந்த சுடுகாடாட்ட இருக்குது."

முன்பு குடியிருந்த மான்மவுத் ஜங்ஷன் அபார்ட்மென்டில் சுவர் அப்பளம் மாதிரி. பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பதை வைத்தே பருப்பா கறியா என்று சொல்லிவிடலாம். கீழ் வீட்டு ஸ்வர்ணா ஆன்ட்டி நினைத்த நேரத்துக்குக் கதவைத் தட்டுவாள், வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு இண்டியன் ஸ்டோருக்குப் போவாள். இங்கே பேச்சுத் துணைக்கு ஃபோன் மட்டும்தான். தனபாக்கியத்துக்கு டிரைவிங் தெரியாது. கேட்டால் கோபாலசாமி, "ஒய்டூகே முடியட்டும், கத்துத் தர்றேன்" என்பார். அது 1999. வருஷம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிடும் என்று இரவு பகலாக வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் வீட்டில் புல் வெட்டுவதிலிருந்து பெண்டாட்டிக்குப் பதில் சொல்வதுவரை எல்லாமே ஒய்டூகே முடிந்த பிறகுதான்.

வந்த நாளிலிருந்து ஒன்று மாற்றி ஒன்று. கிணற்று மோட்டார் எரிந்துபோய் ஒரு வாரம் குழாயில் காற்று மட்டும் வந்தது. புது கேம்ரி காரில் மான் ஒன்று வந்து மோதிவிட்டு, கண்ணாடியை உடைத்துக்கொண்டு அதுபாட்டுக்கு நடந்துபோனது. மகள் பிரீத்தி ஏதோ ஒரு செடியைத் தொட்டு உடம்பெல்லாம் தடித்துப்போனாள். செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்பது, அது பொங்கிய அன்றைக்குத் தெரிந்தது.

ஸ்வர்ணா ஆன்ட்டி ஃபோனில் சொல்லிவிட்டாள். "தனம், இது கண்ணுதான். வேற ஒண்ணும் இல்ல. உன் ஹவுஸ்வார்மிங்குக்கு வந்தவங்க திரும்பிப் போறப்போ கார்ல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கலையாம். மூணு ஏக்கர், பின்னாடி ஓடை, சும்மாவா? என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் சரியா சாப்பிடல. நானும்தான்னு வச்சுக்கயேன். ஆயுத பூஜை அன்னிக்கு ஒரு பூசணிக்காய் சுத்தி உடைச்சிடு."

கோபாலசாமி ஒத்துக்கொள்ளவில்லை. "இந்த ஊர்ல ரோட்ல ஒரு பேப்பரைப் போட்டாலே ஃபைன். பூசணிக்காயைப் போட்டு உடைப்பியா? கார் டயருக்கு எலுமிச்சம்பழம் வெய்யி. அதோட நிறுத்திக்க."

அவள் சரி என்றாள். அந்தச் சரியைப் பத்து வருஷமாகக் கேட்டுவரும் மனுசர் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம். ஒய்டூகே அவரை விடவில்லை.

வெள்ளைப் பூசணிக்கு இண்டியன் கடைகள் இருக்கிற எடிசனுக்குப் போகவேண்டும். கார் இல்லாதவள் எங்கே போவாள்? பக்கத்துக் காட்டுக்காரி ஹேசல் ரோட்டோரத்தில் மேஜை போட்டு அடுக்கி வைத்திருந்த ஆரஞ்சுப் பூசணிதான் கிடைத்தது. ஹேசலுக்கு எழுபது தாண்டியிருக்கும். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. டிராக்டரும் காடும் பஸ்டர் என்கிற கன்றுக்குட்டி அளவு நாயும்தான் அவளுக்கு. பஸ்டரைக் கண்டால் தனபாக்கியத்துக்குக் குலை நடுங்கும். சேலை காற்றில் பறந்தால் போதும், அது சர்ச்சிலிருந்தே குரைத்துக்கொண்டு ஓடிவரும். ஆனால் ஹேசலை ஒன்றும் சொல்லமுடியாது. மோட்டார் எரிந்த அந்த வாரம், யாரும் கேட்காமலே, தினம் காலையில் கைக்கு ஒரு கேனாகத் தண்ணீரைச் சுமந்துகொண்டு சோளக்காட்டைக் கடந்து வந்தாள் கிழவி. தனபாக்கியம் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்குத் தண்ணீர் சுமந்திருக்கிறாள். அவளுக்காக ஒருத்தர் சுமந்தது அதுதான் முதல் தடவை.

பூசணியை எடுத்ததும் ஹேசல், மேலே வட்டமாக வெட்டி மூடி எடுக்கவேண்டும் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினாள். தனபாக்கியத்துக்கு ஆச்சரியமாகிவிட்டது. இந்த ஊரிலும் அப்படித்தான் வெட்டுகிறார்கள் போலிருக்கிறது. ஹேசல் சொன்னது மாதக் கடைசியில் வரும் ஹாலோவீனுக்குக் கண்ணும் பல்லும் வெட்டி விளக்கு வைக்கிற சங்கதியை. இரண்டு பேரும் ஆளுக்கொன்றை நினைத்துக்கொண்டு திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்கள்.

ஆயுத பூஜை திங்கட்கிழமை வந்தது. அவர் ஆபீசுக்கும் பிரீத்தி ஸ்கூலுக்கும் போன பிறகு வேலையை ஆரம்பித்தாள். மூடி எடுத்த பூசணிக்குள் குங்குமத்தைப் பாக்கெட்டோடு கவிழ்த்தாள். காசு போடவேண்டும். டாலர்க் காசு திருஷ்டிக்குப் புரியுமோ என்னமோ என்று, பெட்டியடியில் கிடந்த எட்டணாவைத் தேடி எடுத்துப் போட்டாள். ஆரத்திக்கு மஞ்சள் கரைத்தாள். சுண்ணாம்புக்கு அமெரிக்காவில் எங்கே போக? ஸ்வர்ணா சொல்லிக் கொடுத்தபடி பேக்கிங் சோடாவைப் போட்டாள். மஞ்சள் தண்ணீர் கண்ணெதிரே செக்கச் செவேலென்று திரிந்தது. குங்குமத்தையும் சேர்த்துக் கலக்கினால், ஆட்டை அறுத்துப் பிடித்த மாதிரி ஒரு குண்டா நிறைய.

சூடத்தை ஏற்றி வீட்டைச் சுற்றினாள். கார் நிற்கிற இடத்தைச் சுற்றினாள். மோட்டாரைச் சுற்றினாள். செப்டிக் டேங்க் மூடியையும் சுற்றினாள். அதற்கும்தான் பட்டிருக்கிறது, என்ன செய்ய. பிறகு பூசணியை இடுப்பிலும் குண்டாவைக் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு, சர்ச்சுக்கு முன்னால் மூன்று ரோடு கூடுகிற இடத்துக்குப் போனாள். நடுப்பகல். ஒரு ஈ காக்கை இல்லை. எருக்கூடை தூக்கின கை. ஓங்கிப் போட்ட போட்டில் பூசணி சிதறி ஸ்டாப் கோடுவரை தெறித்தது. மேலே ஆரத்தியைக் கவிழ்த்தாள். வந்த வழியே நடந்தாள்.

திருஷ்டி கழித்தவள் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் கழித்ததெல்லாம் கூடவே வந்துவிடும். பின்னால் ஏதோ மூச்சு வாங்கிக்கொண்டு ஓடிவருகிற சத்தம் கேட்டது. அப்புறம் சப்பு சப்பென்று தின்கிற சத்தம். கண்ணே வந்து தின்கிறது என்று முடிவுகட்டி, திரும்பாமல் ஓட்டமும் நடையுமாக வந்து காலைக் கழுவிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

மூன்றரைக்குப் பிரீத்தி ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். "அம்மா, தேர்ஸ் பிளட் ஆல் ஓவர் தி ரோட். பஸ் டிரைவர் போலீஸைக் கூப்பிட்டாங்க."

"தக்காளி விழுந்திருக்கும் கண்ணு."

"இட்ஸ் நாட் டொமேட்டோ, அம்மா."

ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். முச்சந்தியைச் சுற்றி மஞ்சள் டேப் கட்டியிருந்தார்கள். சிவப்பு இருந்தது. பூசணிதான் இல்லை. ஒரு தோல்கூட இல்லை. எங்கே போயிருக்கும் என்று அவள் யோசித்து முடிப்பதற்குள், சர்ச் படியில் உட்கார்ந்திருந்த பஸ்டர் இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியது. காதுவரை வாயெல்லாம் சிவப்பு. மார்பு சிவப்பு. போஸ்டாபீஸ் வாசல்வரை கால் தடம் போட்டு வைத்திருந்தது.

அந்த ஊர் கூடி அவள் பார்த்தது அன்றைக்குத்தான். இருக்கிற மனுசர்களை எல்லாம் எண்ணிப் பார்த்தார்கள். யாரும் குறையவில்லை. அப்படியென்றால் வெளியூர்க்காரன் ஒருத்தனை நாய் கடித்துக் குதறியிருக்கிறது, அவன் எங்கேயோ சோளக்காட்டுக்குள் கிடக்கிறான். ஆளாளுக்குக் குச்சியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார்கள்.

கோபாலசாமி வீட்டுக்கு வந்த கையோடு போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டினார். டாம் என்று பெயர். ஊருக்கே ஒரே போலீஸ்காரர், ஆறடிக்கு மேலே.

"உங்கள் வீட்டில் எல்லாரும் பத்திரமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, பிளாஸ்டிக் பையில் எதையோ தூக்கிக் காட்டினார். "ரத்தத்துக்குள் இது கிடந்தது. வெளிநாட்டுக் காசு. கடிபட்ட ஆள் வெளிநாட்டுக்காரனாக இருக்கலாம். உங்களுக்குத் தெரிகிறதா பாருங்கள்."

எட்டணா. மூன்று சிங்கமும் பளிச்சென்று தெரிந்தன.

கோபாலசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். தனபாக்கியம் கதவுக்குப் பின்னால் தள்ளி நின்றுகொண்டாள்.

"தெரியலையே ஆபீசர்" என்றார். "ஒருவேளை கனடாவா இருக்கும்."

போலீஸ்காரர் போனதும் கோபாலசாமி சோபாவில் சாய்ந்தார். "புள்ள, இந்த ஊர் நமக்குச் சரிப்படாது. பச்சைப்புள்ளையை வெச்சுக்கிட்டு ரத்தக் களரியா இருக்கற ஊர்ல எப்படிக் குடியிருக்கறது? வித்துப்போட்டு மான்மவுத் ஜங்ஷனுக்கே போயிரலாம். நாளைக்கு லீவு போடறேன், புரோக்கரம்மாவை வரச் சொல்றேன்."

தனபாக்கியம் அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள். பெண்டாட்டி உடைத்த காயென்று தெரியாத, தன் நாட்டுக் காசையே அடையாளம் தெரியாத இந்த மனுசரைக் கொடுத்த சாமிக்கு நன்றி சொன்னாள். பூசணிக்காய் இவ்வளவு சீக்கிரம் வேலை செய்யுமென்று ஸ்வர்ணாவே சொல்லவில்லை. இனி செய்யவேண்டியது ஒன்றுதான். வாயைத் திறக்காமல் இருக்கவேண்டும். அன்றைக்குக் கேசரி கிண்டினாள்.

மறுநாள் காலையில் புரோக்கரம்மா வந்து கோபாலசாமியோடு மாடியில் அறை அறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே பயந்து கிடந்ததில் ஸ்கூல் பஸ் வரவில்லை. பிரீத்தி வீட்டில் இருந்தாள். ஹேசல் வீட்டு வாசலில் கூண்டு வைத்த வண்டி ஒன்று வந்து நின்றது.

"எதுக்குக் கண்ணு அது?"

"தே ஆர் டேக்கிங் பஸ்டர். ஹி பிட் சம்படி."

"கூட்டிட்டுப் போயி?"

பிரீத்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஊசிதான் போடுவார்கள் என்று தனபாக்கியத்துக்கு அவள் முகத்திலேயே தெரிந்தது.

நல்லதாகப் போயிற்று என்று நினைக்கப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து இந்த நாய்க்குப் பயந்துதானே துணி காயப்போடாமல் இருக்கிறோம். நாய் போகும், நாமும் போவோம், கணக்கு சரி. வெங்காயத்தை எடுத்து உரிக்க உட்கார்ந்தாள். ஜன்னலில் ஹேசல் தெரிந்தாள். நாயின் கழுத்துப்பட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கேன் தூக்கி வந்த அதே கை. டாம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நாய் அவர் பூட்சை நக்கிக்கொண்டிருந்தது.

"கெட்டது குடி" என்று வெங்காயத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். "பிரீத்தி, வா. நான் சொல்றதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்லோணும்."

மஞ்சள் டப்பாவும் சோடா டப்பாவும் குண்டாவுமாகச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சோளக்காட்டுக்குள் குறுக்கே விழுந்து ஓடினாள். ஹேசலின் மேஜையிலிருந்து பூசணி ஒன்றை எடுத்தாள்.

"நாய் யாரையும் கடிக்கல, நாந்தான் செஞ்சேன்னு சொல்லு."

"மை மாம் சேஸ் ஷி டிட் இட்" என்றாள் பிரீத்தி.

டாமின் கை இடுப்புக்குப் போனது. "எதைச் செய்தார்கள்? யாரை?"

"பூசணிக்காயைன்னு சொல்லு. வீட்டுக்குக் கண்ணு பட்டுப்போச்சு, அதுக்காகன்னு சொல்லு."

"அம்மா, தட்ஸ் நாட் எ திங் ஹியர்."

"அட நகரு நீ."

வாசல் குழாயில் தண்ணீர் பிடித்து மஞ்சளைக் கொட்டினாள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மஞ்சள். சோடாவைப் போட்டுக் கையால் ஒரு சுழற்று. சிவப்பு. கூண்டு வண்டிக்காரன் தொப்பியைக் கழற்றிவிட்டான். தனபாக்கியம் பூசணியையும் குண்டாவையும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனாள், பின்னாலேயே வந்த டாமைச் சுற்றி ஒரு சுற்று சுற்றினாள், அவர் காலடியில் ஓங்கிப் போட்டு உடைத்து மேலே குண்டாவைக் கவிழ்த்தாள். போலீஸ் பேண்ட் முழங்கால்வரை சிவந்தது. யாரும் வாயைத் திறப்பதற்குள் பஸ்டர் கிழவியின் பிடியை உதறிக்கொண்டு பாய்ந்து வந்தது. முகத்தைச் சிவப்புக்குள் முக்கி, சப்பு சப்பென்று தின்ன ஆரம்பித்தது. தோலைக்கூட விடாமல் வாயில் கவ்விக்கொண்டு ஹேசலின் களஞ்சியத்துப் பக்கம் போனது.

டாம் குனிந்து தன் பேண்டைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து எட்டணாவை எடுத்துத் தனபாக்கியத்தின் கையில் வைத்தார். ரோட்டைக் கழுவிவிடச் சொன்னார். அப்புறம் வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. ஹேசல் எழுந்து வந்து தனபாக்கியத்தைக் கட்டிப்பிடித்தாள். எரு வாசம் அடித்தது. தனபாக்கியம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கோபாலசாமியும் புரோக்கரம்மாவும் மாடி ஜன்னலிலிருந்து முழுக்கப் பார்த்துவிட்டார்கள். தனபாக்கியம் வீட்டுக்கு வரும்போது புரோக்கரம்மா காரை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்றார்.

"உன்னை யாரு புள்ள வாயைத் தொறக்கச் சொன்னது?"

"நாயைக் கொண்டுட்டுப் போறாங்களுங்க. காசைப் பாத்தும் உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியல..."

"எட்டணாக்கூடத் தெரியாதவனா நானு? சிங்கம் போட்ட காசு கனடாவுலயா அடிக்கறாங்க?"

"தெரிஞ்சுட்டேவா சும்மா இருந்தீங்க?"

"பொறவு? எனக்கு மட்டும் இங்க இருக்க ஆசையா? போக வர நாலு மணி நேரம் டிரைவிங். புல்லு வெட்டி வெட்டி இடுப்பு போச்சு. ஆபீஸ் விட்டு வந்து கார்லயே உக்காந்து ரேடியோ கேக்கறனே, எதுக்குன்னு நினைச்ச? உள்ள வந்தா காதுக்குள்ள கொய்யின்னு கேக்குது."

"சங்கீத ஞானம்னு நினைச்சனுங்க."

"ஊரையே கூட்டி வீட்டைக் காட்டிப்போட்டு, இப்பத் திரும்பிப் போயி அமைதி தாங்கலைன்னு சொன்னா சிரிப்பாங்களா இல்லியா? கொலை நடந்த ஊருன்னா ஒருத்தன் ஒரு கேள்வி கேக்கமாட்டான். தங்கமாட்ட ஒரு கொலை. அதைப் போயி பூசணிக்காய்னு ரோட்ல நின்னு செஞ்சு காமிச்சுட்டு வர்றே."

"நீங்க முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"நீ சொன்னியா?"

வாசலில் சக்கரம் கிரீச்சிட்டது. ஹேசல் தள்ளுவண்டி நிறையப் பூசணிக்காயைக் கொண்டுவந்து படிக்கட்டில் சரித்துவிட்டு, இன்னொரு நடை இருக்கிறது என்று விரலைக் காட்டிவிட்டுப் போனாள். அவளோடு வந்த பஸ்டர் திரும்பிப் போகவில்லை. சிவந்த வாயோடு படியில் படுத்துக்கொண்டு தனபாக்கியத்தின் கையையே பார்த்தது. ரோட்டில் ஒரு பிக்கப் போனது. ஓட்டியவன் விரலைத் தூக்கவில்லை. முழுக்கையையும் வெளியே நீட்டி ஆட்டினான்.

"இனி எங்க விக்கறது" என்றார் கோபாலசாமி. "வீடு நல்லா இருக்கோணும்னு போலீஸ்காரனையே சுத்திப் போட்டிருக்கற. அடுத்த வாரம் விலைக்குன்னு போர்டு வெச்சா ஊரே வந்து என்ன குறைன்னு கேக்கும்."

இரண்டு பேரும் படியில் பூசணிக்காய்களுக்கு நடுவில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கூட்டு வைக்கலாம், பொரியல் பண்ணலாம், அல்வா கிண்டலாம். பொங்கல் வரைக்கும் அதையேதான் தின்றாகவேண்டும்.

"அடுத்த வருஷம் காசு போடாம உடைச்சுடறனுங்க" என்றாள் தனபாக்கியம்.

"நாய்?"

"கட்டிப் போடச் சொல்லிட்டுத்தான்."

கோபாலசாமி பாலத்தையும் சர்ச்சையும் புல்லில் நிற்கிற குதிரையையும் பார்த்தார்.

"உடைக்கறதுதான் உடைக்கற" என்றார், "ரெண்டு காயா உடைச்சுப்போடு. அந்த டப்பா மூடியைப் பாத்துப் பாத்து வளந்த என் கண்ணுக்கும் ஒண்ணு."